கூட்டெருவைச் சுமப்பது யார்?

(திருகோணமலை மாவட்டத்தில் அங்கத்தவர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மலையில் இன்னும் கொழுந்து பறிக்கும் உறவுகளும் நமக்கு உண்டு. அங்கும் இங்கும் சேதனப் பசளைப் பேச்சுத்தான். இன்று கோழி எருவைப் பற்றிப் பேசுவோம்.

கோழி எருவில் நைதரசன் அதிகம். அதனால்தான் பச்சையாகப் போட்டால் வேர் கருகுகிறது. சல்மொனெல்லா போன்ற கிருமிகளும் அதில் இருக்கலாம். மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

ஒரு கூடை எருவுக்கு இரண்டு, மூன்று கூடை வைக்கோல், சருகு, உமி கலந்து 3, 4 அடி உயரத்துக்குக் குவிப்போம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரும் அளவு ஈரம் போதும். குவியலின் உள்ளே சூடு 55 பாகைக்கு மேல் ஏறிச் சில நாட்கள் நிற்க வேண்டும். அப்போதுதான் கிருமியும் களை விதையும் சாகும். வெளியில் இருப்பது உள்ளே போக, வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். மூக்கைக் குத்தும் வாடை வந்தால் சருகு சேர்ப்போம். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், புரட்டி ஆற்றுவோம். இரண்டு, மூன்று மாதத்தில் சூடு தணிந்து மண் வாசம் வரும். அதுவே பக்குவம்.

மாரி மழைக்குக் குவியலைப் படங்கால் மூடுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தரையில் கிணற்றருகே குவிக்கவே வேண்டாம். நைத்திரேற்று கிணற்றில் இறங்கினால் அந்தத் தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆபத்து.

இனி உழைப்புக் கணக்குக்கு வருவோம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு 2 வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவு வேண்டுமென்றால் 1,150 கிலோ தேவை. ஒரு மூட்டைக்குப் பதில் 23 மூட்டை! அதைக் கலப்பது, புரட்டுவது, மலை ஏற்றுவது யார்? நாம்தான்.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையுடன் கப்பல் வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருந்ததாகச் சொல்லிச் சரக்கை ஏற்க மறுத்தார்கள். ஆனாலும் சுமார் 70 லட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனாலும் வயலிலும் தேயிலையிலும் விளைச்சல் விழுந்தது. கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அடி விழுவது நம் சம்பளத்தில்.

சேதனப் பசளை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மண்ணுக்கு அது நல்லது. நம் வீட்டுத் தோட்டத்தில் நாமே செய்வோம். ஆனால் தோட்ட நிர்வாகம் அதைக் கேட்டால், கலக்கும் நாளும் புரட்டும் நாளும் முழுப் பேராகப் பதியப்பட வேண்டும். கையுறை, முகக்கவசம், சப்பாத்து நிர்வாகமே தர வேண்டும். எரு சுமக்கும் நாளில் கொழுந்துக் கிலோ கேட்கக் கூடாது.

இந்த மூன்றையும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுத்தில் வைப்போம்.