எங்கே அடிப்பது பறையை?

(கலைக்குழுப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

காலையிலிருந்து பாட்டு, ஆட்டம், நாடகப் பிரதி என்று பேசினோம். எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் சப்பையாகத் தெரியலாம்: நிகழ்ச்சிக்கு இடம் பிடிப்பது. மண்டப வாடகை, மைக்செட்டு, போலீஸ் அனுமதி, இதிலே என்ன அரசியல் இருக்குன்னு கேட்கலாம். ஊரென்றும் சேரியென்றும் பிரித்துப் போட்டிருக்கிற சமூகத்தில் இடம் என்பது வெறும் இடமல்ல. யார் எங்கே நிற்கலாம், யார் சத்தம் எந்தத் தெருவில் கேட்கலாம் என்பதைத்தான் சாதி முதலில் தீர்மானிக்கிறது.

1927 டிசம்பரில் அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் மாநாடு கூட்டினார். நிலம் தர அங்கே சாதி இந்துக்கள் முன்வரவில்லை. ஃபத்தேகான் என்கிற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது அந்த மாநாட்டில்தான். குளத்துத் தண்ணீரை மறுத்தவர்கள் கூடிப் பேசும் இடத்தையும் மறுத்தார்கள். இரண்டும் ஒரே மறுப்புதான்.

இன்றைக்கு மறுப்பு வேற மாதிரி வருது. ஒரு சிறுநகரத்தில் கலைவிழாவுக்குக் கல்யாண மண்டபம் கேட்கப் போனோம். தேதி காலியா இருக்கு, அட்வான்ஸ் இவ்வளவு என்றார் மேனேஜர். நோட்டீஸ் மாதிரியை மேசையில் வைத்தோம். மேலே அம்பேத்கர் படம், கீழே பறையாட்டம்னு எழுதியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, 'அன்னைக்கு முதலாளி வீட்டு விசேஷம், மறந்தே போச்சு' என்றார். அடுத்த வாரம் கேட்டோம். அன்னைக்கும் விசேஷம். அதற்கடுத்த வாரமும் விசேஷம்! சாதியை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. சத்தம்னு சொல்வாங்க, நெருப்புன்னு சொல்வாங்க, வர்ற கூட்டம் சரியிருக்காதுன்னு சொல்வாங்க.

ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்க. பொதுக் கேளிக்கை இடங்களிலும், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்தது. அதன்படி, பண்பாட்டு ஊர்வலம் நடத்துவதையோ பொது இடத்தில் நுழைவதையோ தடுப்பது குற்றம். நாடகப் பிரதியை முன்கூட்டியே ஸ்டேஷனில் கொடுன்னு கேட்பாங்க. அதற்கு ஆதாரமாக இருந்த 1954ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ கூடாது என்பது விதி. பண்பாட்டு, மத விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி மட்டும், அதைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு ஞாபகம் வருகிற இந்தச் சலுகை ஏப்ரல் 14க்கு மறந்துபோகும். ஞாபகப்படுத்த வேண்டியது நாம்.

இடம் கிடைத்தால் போதுமா? பறைக்குத் தரை வேணும். தோலைக் காய்ச்ச நெருப்பு வேணும். வட்டமாய்ச் சுழல இடம் வேணும், சுற்றி ஜனம் நிற்கணும். சபா மேடையோ ஒரே பக்கம் பார்க்கிற மேடை. உயரம், திரை, வரிசை நாற்காலி. அங்கே பறையாட்டக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பத்து நிமிஷம் கொடுத்து, சால்வை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த மேடை ஏறினால்தான் பறைக்கு மரியாதை என்று நினைக்கிற தோழர்கள் நம்மிலும் உண்டு. மேடையே வேண்டாம்னு நான் சொல்லலை. அங்கே கிடைக்கிற கைதட்டலை வைத்து நம் கலையை அளக்காதீங்க.

வேறு வழிகளையும் நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். 1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபாக்காரர்கள் தங்களுடையது என்று வைத்திருந்த மாதத்தையே கையில் எடுத்தது அது.

ஆனால் கிராமம்? அங்கேதான் கஷ்டமான கேள்வி இருக்கு. சேரித் திடலில் ஆடினால் யாருக்கும் தொந்தரவில்லை, அனுமதியும் சுலபமாய்க் கிடைக்கும். ஊர் மந்தையில் ஆடணும்னு சொல்லிப் பாருங்க. சாவுக்கு அடிக்கிறபோது ஊர்த்தெருவெல்லாம் பறைக்குத் திறந்திருக்கிறது. விடுதலைக்கு அடிக்கிறபோது மட்டும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்துவிடுகிறது. ஊராட்சித் திடல், அரசுப் பள்ளி மைதானம், சமுதாயக் கூடம் எல்லாம் நம் வரிப்பணமும்தான். கேட்காமல் விட்டால் அது ஊருக்கு மட்டும் சொந்தம்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயம். நாம் ஆடி முடித்து வேன் ஏறிவிடுவோம். மறுநாள் அதே ஊரில் கூலிக்குப் போக வேண்டியவங்க, அதே கடையில் அரிசி வாங்க வேண்டியவங்க அங்கேதான் இருக்கப் போறாங்க. மந்தையா திடலா என்பதை வெளியிலிருந்து போகிற நாம் தீர்மானிக்கக்கூடாது. சேரியைக் கூட்டிக் கேளுங்க. முக்கியமாகப் பெண்களிடம் கேளுங்க. வெளிச்சம் இருக்கா, ஆட்டம் முடிந்து திரும்பிப் போகிற பாதை எது, தண்ணி, கழிப்பறை உண்டா என்று அவங்கதான் முதலில் பார்ப்பாங்க. வேண்டாம்னு சொன்னா இந்த வருஷம் திடலிலேயே ஆடுங்க. சரின்னு சொன்னா முன்னால நில்லுங்க, முடிந்த பிறகும் ரெண்டு நாள் தங்குங்க.

எங்கே கேட்டாலும் எழுத்தில் கேளுங்க. விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்குங்க. இல்லைன்னு சொன்னா அதையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்க. வாயால மறுக்கிறவர்களுக்கு எழுத்தில் மறுக்கப் பயம் இருக்கு. அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைத்தால் எந்த ஊரில் எந்தக் கதவு நமக்கு மூடியிருக்குன்னு கணக்கு நம்ம கையில் இருக்கும். அடுத்த முகாமுக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் அந்தக் கோப்போடு வரணும்.

ஜெய்பீம்.