கடலுக்கு அடியில் ஒரு கார்ன்வால்

கார்ன்வால் என்றதும் உங்களில் பலருக்கு லேண்ட்ஸ் எண்ட் முனையும் செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் குன்றும் நினைவுக்கு வந்திருக்கும். அவற்றைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள், படங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் அங்கே போகவில்லை. லேண்ட்ஸ் எண்டுக்குச் சற்று வடக்கே செயின்ட் ஜஸ்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே இறங்கி, கடலோரப் பாதையைப் பிடித்துப் பெண்டீன் கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது கார்ன்வால். மூன்று பக்கம் கடல். மிச்சமுள்ள கிழக்குப் பக்கத்தில் டேமர் ஆறு. இந்த ஆறு வடக்குக் கடற்கரையிலிருந்து நாலு மைல் தூரத்தில் பிறக்கிறது. பக்கத்திலேயே கடல் இருந்தும் அதில் விழாமல், தெற்கே திரும்பி நெடுக ஓடி, பிளிமத் ஊருக்கருகே அடுத்த பக்கக் கடலில் கலக்கிறது. அந்த நாலு மைல் நிலம் இல்லையென்றால் கார்ன்வால் ஒரு தீவு. அங்குள்ளவர்களுடைய நினைப்பும் கொஞ்சம் அப்படித்தான். கார்னிஷ் என்று தனி மொழி இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சுவழக்கிலிருந்து மறைந்த அந்த மொழியை, 20-ஆம் நூற்றாண்டில் மக்கள் படித்துப் படித்தே மீட்டெடுத்தார்கள். இன்று தெருப் பலகைகளில் அதைப் பார்க்கலாம்.

செயின்ட் ஜஸ்ட் ஊர் நடுவில், புல் முளைத்த மண்கரை சூழ்ந்த ஒரு வட்டத் திடல் உண்டு. இடைக்காலத்தில் கார்னிஷ் மொழியில் பைபிள் கதைகளை நாடகமாக நடித்த இடம் அது. கடையில் ஒரு பாஸ்டி வாங்கிக்கொண்டு அந்தக் கரையில் உட்காருங்கள். பாஸ்டி பார்ப்பதற்கு நம் சோமாசி மாதிரியே இருக்கும். ஆனால் ஒன்று தின்றால் மத்தியானச் சாப்பாடு முடிந்தது. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப் எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து மூடி, ஓரத்தைக் கையால் முறுக்கி, அடுப்பில் வேகவிடுவார்கள். இறைச்சி வேண்டாதவர்களுக்குப் பாலாடைக்கட்டி வைத்ததும் கிடைக்கும். அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்கள் ஒரு முனையில், சுரங்க வேலைக்குப் போகும் ஆளின் பெயரெழுத்தைப் பதித்து அனுப்புவார்களாம், பாதி தின்று வைத்தது யாருடையது என்று இருட்டில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. சுரங்கத்துக்குள் நாக்கர் என்ற குள்ள ஆவிகள் சுவரைத் தட்டுவதாக நம்பி, கடைசித் துண்டை அவற்றுக்குப் போட்டுவிடுவதும் வழக்கம்.

ஆமாம், சுரங்கம். அதைச் சொல்லத்தான் உங்களை இங்கே கூட்டி வந்தேன்.

ஊரை விட்டு வெளியே வந்து கடலோரம் நடந்தால், ஆகஸ்ட் மாதத்தில் மேடெல்லாம் ஊதாப் பூவும் மஞ்சள் பூவுமாக இருக்கும். பொட்டாலக் என்ற இடத்தில், அலை மோதும் பாறைச் சரிவில் கூரையில்லாத இரண்டு கல் கட்டடங்கள் நிற்கும். எல்லாரும் கோட்டை என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அவை நீராவி எந்திரங்கள் இருந்த வீடுகள். செம்பும் வெள்ளீயமும் இருந்தது கடலுக்கு அடியில். அதைத் தேடிப் போன சுரங்கங்கள் இவை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதே, அதில் இருப்பது இந்த வெள்ளீயம்தான்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் லெவன்ட். அங்கே தோண்டிய பாதைகள் கடலுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு மைல் தூரம் போயின. புயல் நாட்களில், கடலடியில் பாறாங்கற்கள் உருளும் சத்தம் தலைக்கு மேலே கேட்குமாம். அப்படிப்பட்ட இடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நின்று வேலை செய்தார்கள்.

வேலை முடிந்து மேலே வருவதுதான் பெரும்பாடு. ஆயிரம் அடிக்கு மேல் ஏணியில் ஏறி ஏறி நெஞ்சும் நுரையீரலும் கெட்டுப்போயின. அதற்காக வந்ததுதான் 'மேன் எஞ்சின்'. சுரங்கக் கிணற்றின் ஆழத்துக்கு நீளமான ஒரு மரத்தண்டு, அதில் 12 அடிக்கு ஒரு படி. எந்திரம் அந்தத் தண்டை 12 அடி மேலே தூக்கும், பிறகு கீழே இறக்கும். படியில் நின்றவர் மேலே போனதும் சுவரோரப் பலகைக்குத் தாவிக்கொள்ள வேண்டும். தண்டு இறங்கி அடுத்த படி எதிரே வந்ததும் மறுபடி அதில் கால் வைக்க வேண்டும். இப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு அடியாக மேலே வருவார்கள்.

1919 அக்டோபர் 20, பிற்பகல். வேலை முடிந்து நூறு பேருக்கு மேல் அந்தத் தண்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தண்டை எந்திரத்தோடு பிணைத்த இரும்பு, உச்சியில் முறிந்தது. தண்டு அத்தனை பேரோடும் கிணற்றுக்குள் விழுந்தது. 31 பேர் இறந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் துக்கம் விழாத கிராமம் இல்லை. மேன் எஞ்சினை மறுபடி கட்டவில்லை. ஆழத்திலிருந்த பகுதிகளை அப்படியே கைவிட்டார்கள். 1930-இல் லெவன்ட் மூடப்பட்டது. நேயர்களே, அந்தக் கிணற்றின் வாயருகே நின்றபோது பக்கத்திலிருந்த கடலைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கார்ன்வால் சுரங்கத்தார் உலகம் முழுக்கப் போனார்கள். 1866-இல் செம்பு விலை வீழ்ந்த பிறகு கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். மெக்சிகோவில் பச்சூக்கா என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் இன்றும் பாஸ்டி விற்கிறது, உள்ளே மிளகாய் வைத்து! நம் பக்கமும் வந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்க வயலை எடுத்தபோது, கார்ன்வாலிலிருந்து ஆட்களை வரவழைத்தது. அவர்களுக்குக் கீழே உளி பிடித்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள். தங்க வயல் குடும்பங்களில் பிறந்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், லெவன்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பாறை வெடித்த கதை, மாரில் தூசி அடைத்த கதை எதையும் அங்குள்ளவர்களுக்கு நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

லெவன்டுக்கு அடுத்தது ஜீவர். 1985-இல் வெள்ளீயச் சந்தை சரிந்ததில் தள்ளாடி 1990-இல் மூடிய சுரங்கம், இன்று அருங்காட்சியகம். தொழிலாளிகள் உடை மாற்றும் அறையில், அவர்கள் கழற்றிப்போட்ட மேலங்கிகளும் பூட்ஸ்களும் இன்னும் இருக்கின்றன. இப்போது இந்தப் பகுதிக்குச் சோறு போடுவது பெரும்பாலும் சுற்றுலாதான். கோடையில் கூட்டம் தாங்காது. வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிப்போட, அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு வாடகை வீடுகூடக் கட்டுப்படியாவதில்லை. தாத்தாக்கள் பிழைப்பு தேடிக் கப்பல் ஏறிய ஊரில், பேரப் பிள்ளைகள் வீடு தேடி வெளியேறுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு நேரமில்லை, லெவன்டிலும் ஜீவரிலுமே நின்றுவிட்டோம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பென்சான்ஸ் ரயில் நிலையத்திலிருந்து செயின்ட் ஜஸ்ட்டுக்குப் பேருந்து உண்டு. லெவன்டில் 1840-இல் செய்த எந்திரம் ஒன்றைத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்து மறுபடி நீராவியில் ஓட விட்டிருக்கிறார்கள். எல்லா நாளும் ஓடாது. எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். காற்று பலமாக அடிக்கும், கழுத்து மூடிய சட்டையும் வழுக்காத செருப்பும் அவசியம். பாஸ்டியைச் செயின்ட் ஜஸ்ட்டிலேயே வாங்கிவிடுங்கள்.