பத்து வெள்ளி சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வாங்குகிற சம்பளமே பத்தவில்லை, இதில் எதைச் சேமிப்பது?" சேமிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் கட்டிவிட்டு மிச்சம் பார்ப்பது எளிதல்ல.

ஆனால், இதைவிடக் கடினமான நிலையில் நம் பெரியவர்கள் சேமித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கான சாட்சி நம் கெடா மாநிலத்திலேயே இருக்கிறது.

துண்டாடலும் துணிவும்

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பால்மரம் வெட்டிய தொழிலாளிக்கு வேலை போனது. வேலையோடு லயத்து வீடும் போனது. தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் நிற்க ஓர் அடி மண் இல்லை.

அந்த நேரத்தில்தான், ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட எந்தத் தோட்டத் தொழிலாளியால் முடியும்? ஆகவே மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும் என்றார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மக்களிடம் பேசினார். மறு ஆண்டே, 1961இல், சங்கம் தனது முதல் தோட்டத்தை வாங்கியது. அதுதான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். கூலி வேலை செய்தவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள்.

அவர்களுக்கு மட்டும் பணம் மிஞ்சியதா என்றால், இல்லை. அவர்கள் மிச்சத்தைச் சேமிக்கவில்லை. சம்பளம் கைக்கு வந்ததும் பத்து வெள்ளியை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் குடும்பம் நடத்தினார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் செலவு செய்கிறோம், மாதக் கடைசியில் மிச்சத்தைத் தேடுகிறோம். அது கிடைப்பதே இல்லை. நான் இன்று சொல்ல வந்த விஷயம் இது ஒன்றுதான்: சேமிப்பு முதலில், செலவு பிறகு.

எப்படித் தொடங்குவது?

சம்பளம் வங்கியில் விழுகிற நாளிலேயே 50 வெள்ளியோ 100 வெள்ளியோ வேறொரு கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். வங்கியில் ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் மாதந்தோறும் அதுவாகவே மாறிவிடும். 50 வெள்ளி ஆண்டுக்கு 600 வெள்ளி. பள்ளி திறக்கும் நேரத்தில் சீருடைக்கும் காலணிக்கும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

அந்த 50 வெள்ளிக்கு எங்கே போவது? காலையில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், தே தாரேக், கூட ஒரு பலகாரம் என்று நாளுக்கு 8 வெள்ளி செலவாகிறது என்று வையுங்கள். 26 வேலை நாளுக்கு 208 வெள்ளி. பாதி நாள் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிப் போனால், வீட்டுச் சாப்பாட்டுச் செலவு போகவும் 50 வெள்ளிக்குக் குறையாமல் மிஞ்சும். கடைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு தே குடிப்பதும் வாழ்க்கைதான். கணக்குத் தெரிந்து குடியுங்கள் என்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி.

அடுத்து, தவணை. 2,000 வெள்ளித் தொலைக்காட்சிப் பெட்டியை மாதம் 90 வெள்ளி வீதம் 36 மாதம் கட்டினால் மொத்தம் 3,240 வெள்ளி. அதே 90 வெள்ளியை 23 மாதம் சேர்த்தால் பெட்டியை ரொக்கமாகவே வாங்கிவிடலாம். கடையில் மாதத் தவணையை மட்டும் கேட்காதீர்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஆலோங் கடன். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆலோங் மாதத்துக்கு 20 விழுக்காடு கேட்டால், 1,000 வெள்ளிக்கு மாதம் 200 வெள்ளி வட்டி மட்டுமே. ஐந்தே மாதத்தில் 1,000 வெள்ளி கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். அவசரத்துக்கு என்று வீட்டில் கொஞ்சம் பணம் இருந்தால் அந்த வாசலை மிதிக்கவே வேண்டாம்.

சேமநிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024ஆம் ஆண்டு மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்தது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேரும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மருத்துவம், வேலை இழப்பு போன்ற நெருக்கடிக்கு அது நல்ல உதவி. புதுக் கைத்தொலைபேசிக்கு அதைத் தொடாதீர்கள். எடுக்காமல் விட்டால் அது லாப ஈவோடு வளரும்.

தாய்மார்களே, இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் சேர்க்க, ஒருவர் இறைத்தால் ஓட்டைப் பானைதான். மாதம் ஒரு முறை உட்கார்ந்து வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பணம் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் நடக்கட்டும். ஊர் மெச்சக் கடன் வாங்கி நடத்த வேண்டாம். ஊர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும், கடன் நம்மோடு இருக்கும்.

அன்று பத்து வெள்ளி கட்டியவர்களுக்குக் கண்ணுக்கு எதிரே ஒரு குறி இருந்தது, மண். உங்கள் வீட்டுக் குறி எது? மகளின் பல்கலைக்கழகப் படிப்பா, சொந்த வீட்டுக்கு முன்பணமா? அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த சம்பள நாளிலிருந்தே தொடங்குங்கள்.