செய்தி வந்த பின் கதவைத் தட்டுவது யார்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழைய கதைகளைக் கதைத்துச் சிரிப்பதே வழக்கம். அதற்கு மதிய உணவு நேரம் போதும் என்று நினைக்கிறேன். எனக்குத் தரப்பட்ட இந்தச் சில நிமிடங்களில் அனர்த்தங்களுக்கு நாம் ஆயத்தமாக இருப்பது பற்றிப் பேச விரும்புகிறேன். மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் நாம். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் ஓடுகள் பறந்த சத்தம் இங்கிருக்கும் மூத்த சகோதரிகளின் காதில் இன்னும் இருக்கும். விடிந்து பார்த்தபோது தென்னந்தோட்டங்கள் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தன.

பின்னர் 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது எங்கள் நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர். கிழக்குக் கரையை அலை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. அந்த நேரத்தில் எமக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. கல்லடியிலும் நாவலடியிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதன் பிறகாவது செய்தி ஓடியதா? கிழக்கு அழிந்த பின்னர்தான் அலை தெற்கைச் சுற்றிப் போய் பெரலியவில் ரயிலைப் புரட்டியது. முதல் அலைக்குத் தப்பிய ஊர்மக்கள் பாதுகாப்பு என்று நம்பி அந்த ரயிலில் ஏறியிருந்தார்கள். இரண்டாவது அலை அவர்களையும் கொண்டுபோனது. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம்.

அதே நாளில், நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்றொரு தீவு இருந்தது. அங்கே சுமார் 78,000 பேர். அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. 1907இல் அந்தத் தீவைக் கடல் விழுங்கியிருந்தது. அன்று தொடக்கம் பாட்டிமார் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லைக் கற்பித்து வந்தார்கள்: 'ஸ்மோங்'. நிலம் பலமாக அதிர்ந்தால் குன்றுக்கு ஓடு என்பதே அதன் பாடம். யாரும் சைரனுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்டு நாமும் அப்படியே செய்வோம் என்று இருந்துவிட முடியாது. எமது கரையில் அன்று நிலம் எச்சரிக்கும் அளவுக்கு அதிரவில்லை. ஓடி ஏற எமக்குக் குன்றும் இல்லை. கடல் எப்போதும் முதலில் உள்வாங்கித்தான் வரும் என்பதும் நிச்சயமில்லை. ஆகவே நாம் வெளியிலிருந்து வரும் செய்தியையே நம்ப வேண்டியவர்கள்.

அந்தச் செய்தி இப்போது வருகிறது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் எச்சரிக்கை வந்தபோது கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பெரிய அலை வரவில்லை. அதை வீண் அலைச்சல் என்று பிள்ளைகள் முன் சொல்லாதீர்கள். அன்று நாம் செய்தது ஒத்திகை.

ஆனால் செய்தி கைத்தொலைபேசி வரைக்கும்தான் வரும். படுக்கையில் கிடக்கும் அம்மம்மாவை யார் தூக்குவது? காது கேளாத பிள்ளைக்கு யார் சொல்வது? பிரசவித்துப் பத்து நாளான தாயின் கதவை யார் தட்டுவது? சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம் இறந்தார்கள். நீந்தத் தெரியாமை, உடுத்திருந்த சேலை, கையில் குழந்தை, வீட்டில் இருந்தவர்களை விட்டுப் போக முடியாத மனம் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது.

அலைக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்கு வகுப்பறைகளில் பாய் விரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அரிசி, பருப்பு, சீனி என்று நீளமாகப் பட்டியல் எழுதினோம். மூன்றாம் நாள் ஒரு பெண் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்து, "மிஸ், பழந்துணி ஏதும் இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டியல் எழுதிய நாங்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதே வாரத்தில் வெளியிலிருந்து வந்த மூட்டைகளில் குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டுகள் இருந்தன.

ஆகவே நூறு வயதான இந்தச் சங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஒழுங்கைப் பட்டியல். இந்த ஊரில் எமது பழைய மாணவி ஒருத்தியாவது இல்லாத ஒழுங்கை உண்டா? ஒவ்வொருவரும் தன் ஒழுங்கையில் தனியாக ஓட முடியாதவர்கள் யார் யார், அவர்களுக்கு உதவப் போவது யார் என்று எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுப்போம்.

இரண்டாவது, நீர் புகாத ஒரு பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ், கிளினிக் கொப்பி ஆகியவை அதற்குள் இருக்கட்டும். அவற்றின் படங்களை வெளிநாட்டிலுள்ள உடன்பிறப்புக்கோ பள்ளித் தோழிக்கோ அனுப்பி வையுங்கள். சான்றிதழை இழந்த பிள்ளைகள் தாம் படித்ததையே நிரூபிக்க அலைந்ததை நாம் பார்த்தோம்.

மூன்றாவது, கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னரும் நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள். அந்த நன்றியை நாம் மறக்கவில்லை. அதில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முன்னரே அனுப்புங்கள். கல்லூரியின் மேல்மாடியில் ஓர் அலுமாரி வேண்டும். அதில் தறப்பாள், டோர்ச், முதலுதவிப் பெட்டி, சுகாதாரத் துவாய் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். எமது மாணவிகளுக்கு நீச்சல் கற்பிக்க ஓர் ஆசிரியையும் வேண்டும். நீச்சல் தெரிந்தால் எந்த அலைக்கும் தப்பலாம் என்று நான் சொல்லவில்லை. வாவிக்கரையில் வளரும் பெண்பிள்ளை தண்ணீருக்குப் பயந்தே வளர வேண்டியதில்லை என்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும் நாம் விளக்கேற்றுகிறோம், அழுகிறோம். அது எமது கடமை. இந்த வருடம் விளக்கேற்றிய பின், மாணவிகளையும் அழைத்துக்கொண்டு, கடற்கரை வீடுகளிலிருந்து பாதுகாப்பான இடம் வரை நடந்து பார்ப்போம். வயதானவர்களின் நடையிலேயே நடப்போம். எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். போனவர்களுக்கு நாம் செய்யும் அஞ்சலியில் அதுவும் சேரட்டும்.