ரிசோட்டோவுக்கு அரிசியைக் கழுவாதீர்கள்
(நமது சங்கத்தின் சமையல் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

34 வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். சமையலைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னதும், கேலி செய்கிறாரோ என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நடை திரும்பிவிட்டது. வலது கை இன்னும் சரியாகவில்லை. இடது கையால் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாள். சாம்பார் சாதம் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில். ஊட்டிவிடுகிறேன் என்றால் கோபம். வீட்டுக்கு யாராவது வந்தால் "எனக்குப் பசியில்லை" என்று உள்ளே போய்விடுவாள். தயிர் சாதம் சிந்தாதுதான். மூன்று வேளையும் அதையே எப்படிச் சாப்பிடுவது?

ஒரு நாள் அவளே கேட்டாள்: "மிலானில் சாப்பிட்டோமே, மஞ்சளா ஒரு சாதம், அது உங்களுக்குச் செய்ய வருமா?" மகள் அங்கே வேலை பார்த்தபோது இரண்டு மாதம் தங்கியிருந்தோம். அவள் கேட்டது குங்குமப்பூ போட்ட ரிசோட்டோ.

முதல் தடவை, அம்மா பழக்கியபடி அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். உதிரி உதிரியாக வந்தது. அதை மறைக்க ஒரு பாக்கெட் க்ரீம் ஊற்றினேன். பாயசத்துக்கும் புலாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று! மகளுக்குப் போன் செய்தால் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, அரிசியைக் கழுவினீங்களா?"

விஷயமே அதுதான். ரிசோட்டோவுக்கு க்ரீம் தேவையில்லை. அந்த வழவழப்பு அரிசியின் மாவுச்சத்து. நாம் அதைக் கழுநீரோடு கொட்டிவிடுகிறோம். அரிசியும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். அர்போரியோ என்பது வட இத்தாலியில், வெர்செல்லி பக்கம், நெல் விளையும் ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயரிலேயே அரிசி கிடைக்கிறது. கர்னரோலி இன்னும் நல்லது, சீக்கிரம் குழையாது. பொன்னியிலும் செய்து பார்த்தேன். பொங்கல்தான் வந்தது.

நாலு பேருக்கு 300 கிராம் அரிசி. காய்கறி வேகவைத்த தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். ஆறிய தண்ணீர் விட்டால் வேகிற அரிசி நின்றுபோகும். 30 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, அரிசியைப் போட்டு இரண்டு நிமிஷம் வறுக்கவும். அங்கே இந்த இடத்தில் வெள்ளை ஒயின் விடுவார்கள். நான் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சையோடு சரி. பிறகு ஒரு கரண்டி தண்ணீர், கிளறல், அது வற்றியதும் அடுத்த கரண்டி. அரிசி ஒன்றோடொன்று உரசித்தான் மாவு இறங்கும். ஓயாமல் கிளற வேண்டாம், ஆனால் டிவி பார்க்கவும் போகக் கூடாது. பாதியில் வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ. 18 நிமிஷத்தில், நடுவில் லேசாகக் கடிபடும் பதம் வரும். அவளுக்காக நான் இன்னும் மூன்று நிமிஷம் விடுகிறேன். இத்தாலிக்காரர்கள் மன்னிக்கட்டும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் முக்கியமான வேலை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற வெண்ணெய் 40 கிராம், துருவிய பார்மசான் சீஸ் 50 கிராம் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். சீஸில் உப்பு உண்டு, அதனால் தண்ணீரில் கை அடக்கிப் போடுங்கள். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அசல் இத்தாலியப் பார்மசானில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. பச்சைப் புள்ளி உள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி மெதுவாக நகர வேண்டும், ஸ்பூனில் எடுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறவிட்டால் இறுகிவிடும், உடனே சாப்பிட வேண்டும்.

போன மாதம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவளும் மேஜையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிட்டாள். புடவையில் ஒரு பருக்கை இல்லை. இரண்டாவது தடவையும் கேட்டாள், சட்டியில் மிச்சமில்லை.

சரி, அடுப்பு மூட்டியாகிவிட்டது. கிளற ஒருவர் முன்னால் வாருங்கள்.