தாய்மொழி இதழ்களுக்கு இட்ட தளை



இதழுரிமை பற்றிப் பேசுவோர் பலர். அவ்வுரிமை எந்த மொழியில் எழுதுவோர்க்கு மறுக்கப்பட்டது, எந்த மொழியில் எழுதுவோர்க்கு விட்டுவைக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலர். அவ்வினாவுக்கு ஆங்கில ஆட்சியே தன் கைப்பட எழுதிவைத்த விடை ஒன்றுண்டு. 1878ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், அரசப் பேராளராய் இருந்த இலிட்டன் தம் ஆட்சிமன்றத்தில் ஒரே அமர்வில் நிறைவேற்றிய நாட்டுமொழி இதழ்ச் சட்டமே அவ்விடை. ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்று மக்கள் அதற்கு இட்ட பெயரே பொருத்தமான பெயர்.

அச்சட்டம் பிறந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் மக்கள் இலக்கக் கணக்கில் மடிந்தனர். அந்தச் சாக்காட்டின் நடுவே, 1877 சனவரி முதல் நாள், விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கத் தில்லியில் பெருவிழா எடுத்தார் இலிட்டன். சோறின்றிச் செத்தவன் வரியில் நடந்த விழா அது! நாட்டுமொழி இதழ்கள் இடித்துரைத்தன. ஆங்கில இதழ்களிலும் கண்டனம் வராமல் இல்லை. ஆனால், ஆங்கிலத்தில் வந்த கண்டனம் ஆங்கிலம் கற்ற சிலரோடு நின்றுவிடும். வங்காளியிலோ மராத்தியிலோ வந்ததை எழுத்தறிந்த ஒருவன் திண்ணையிலிருந்து படிக்க, எழுத்தறியாத பதின்மர் சூழ்ந்திருந்து கேட்பர். ஆட்சி அஞ்சியது அந்தத் திண்ணைக்குத்தான்.

சட்டத்தின் அமைப்பு, அயர்லாந்து மக்களை அடக்குதற்கு அதே ஆங்கிலேயர் செய்திருந்த சட்டத்தைப் பார்த்து வரைந்ததாகும். மாவட்டக் குற்றவியல் நடுவர், அரசின் இசைவு பெற்று, அச்சிடுவோரையும் வெளியிடுவோரையும் அழைத்து உறுதிமுறி எழுதி வாங்கலாம். பிணைத்தொகையும் கட்டச் சொல்லலாம். ஆட்சிமேல் வெறுப்பூட்டும் எழுத்து வந்ததென்று அரசு கருதினால் பிணைத்தொகை போகும்; மீண்டும் வந்தால் அச்சுப்பொறியே போகும். வழக்குமன்றத்தில் முறையிட வழியில்லை. இவ்விடரினின்று தப்ப விரும்புவோர்க்கு ஒரு வாயில் திறந்துவைக்கப்பட்டிருந்தது: மெய்ப்புப் படியை முன்னரே அரசு அலுவலரிடம் காட்டி, அவர் வெட்டியது போக எஞ்சியதை அச்சிடலாம். எத்துணைப் பெரிய அருள்!

இத்தனைக்கும் மேலான கொடுமை, ஆங்கில இதழ்கள் அதற்கு முற்றும் விலக்கு என்பதே. ஒரே கருத்து, ஒரே சொற்றொடர்; ஆங்கிலத்தில் எழுதினால் அரசியல் திறனாய்வு, தாய்மொழியில் எழுதினால் குற்றம்! எழுத்துக்கன்றி மொழிக்கே விலங்கு பூட்டிய சட்டம் அது.

கல்கத்தாவில் வங்காளியும் ஆங்கிலமும் கலந்து வந்துகொண்டிருந்த அமிர்த பசார் பத்திரிகை, சட்டம் வந்த ஒரே கிழமையில் முழு ஆங்கில இதழாக மாறிற்று. வரலாறு எழுதுவோர் இதனை அரிய சூழ்ச்சித் திறம் என்று போற்றுவர். திறந்தான், ஐயமில்லை. ஆயினும், இதழ் தப்பியபோது அதனை இழந்தவன் யார்? ஆங்கிலம் அறியாமல் அதனைப் படித்தும் கேட்டும் வந்தவன். இலிட்டன் வேண்டியதும் அதுவே அன்றோ? சோமப்பிரகாசம் என்னும் வங்க இதழோ அரசின் நெருக்குதலால் சில காலம் நின்றேபோயிற்று.

இரிப்பன் பேராளராக வந்தபின் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் பிணைமுறை மட்டும் சாகவில்லை. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதனை மீண்டும் எழுப்பி, எல்லா மொழிக்கும் எல்லா மாகாணத்திற்கும் விரித்தது. 1878இன் சட்டத்துக்குத் தப்பியிருந்த சென்னை மாகாணமும் இம்முறை தப்பவில்லை. அதே ஆண்டில், பாரதியார் புதுச்சேரியிலிருந்து நடத்திவந்த ‘இந்தியா’ கிழமையிதழ் ஆங்கிலேயர் ஆட்சி எல்லைக்குள் நுழையவொட்டாமல் தடுக்கப்பட்டு நின்றது.

1933 அக்டோபர் 29ஆம் நாள், ஈரோட்டுக் ‘குடிஅரசு’ இதழில் ‘இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற ஆசிரியவுரை வந்தது. எழுதியவர் பெரியார். அவ்வாண்டின் இறுதியில் அரசெதிர்ப்புக் குற்றம் சாற்றித் தளையிட்டபோது, அவருடன் அவர் தங்கை கண்ணம்மாளையும் பிடித்தனர். அவ்வம்மையார் செய்த குற்றம் என்ன? இதழை வெளியிடுவோர் என்று அவர் பெயர் இருந்தது; அவ்வளவே. ஒவ்வோர் இதழும் அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயரைத் தாங்கவேண்டுமென்பது 1867ஆம் ஆண்டுச் சட்டம். எவரைப் பிடிப்பதென்று அரசு தேடி அலைய வேண்டியதில்லை. 1934இல் அண்ணனுக்கும் தங்கைக்கும் சிறையும் தண்டத்தொகையும் கிடைத்தன. அந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையர் போய் எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலும் உயிர்வாழ்ந்து, 2023இல் இயற்றிய புதுச்சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் கண்மூடிற்று.

நெருக்கடிநிலைக் கொடுமையை முதியோர் மறந்திரார். 1878இல் விரும்பினோர் காட்டலாம் என்றிருந்த மெய்ப்பை, 1975 சூன் 26 முதல் எல்லாரும் காட்டியே தீரவேண்டும் என்றானது. இம்முறை ஆங்கிலத்திற்கும் விலக்கில்லை. இந்தியன் எக்சுபிரசு சூன் 28ஆம் நாள் ஆசிரியவுரைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டது. வெற்றிடம் விடுவதும் கூடாதென்று பின்னர்த் தடுத்தனர். எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும் குற்றம்!

தமிழகத்தில் 1976 சனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, கழகத்தார் பலர் சிறைக்குள் தள்ளப்பட்டனர். அவர்தம் பெயர்களை இதழில் வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. தந்தை எங்கே, தமையன் எங்கே என்று அறியாமல் குடும்பங்கள் கலங்கி நின்றன. மூன்றே நாளில், பிப்பிரவரி 3, அண்ணா நினைவுநாள் வந்தது. அண்ணா துயிலும் இடத்தில் மலர்வளையம் வைக்க இவ்வாண்டு வர இயலாதவர்கள் இவர்கள் என்று ‘முரசொலி’ ஒரு பட்டியலை வெளியிட்டது. ஊரும் பேருமாக வந்த அந்தப் பட்டியலில் தணிக்கையர் வெட்டுதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதைப் படித்த தமிழர்க்கோ, சிறைப்பட்டோர் எவரெவர் என்பது அன்று காலையிலேயே விளங்கிற்று.