கடைசிக் காசும் கையொப்பமும்

(இணுவிலில் எமது சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதன் இறுதிக் கொடுப்பனவைப் பற்றிய நிபந்தனைகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சமயம் பேசவேண்டிய மேடையில் காசு பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். உழைத்தவன் கூலியை நிறுத்தி வையாமையும், கொடுத்த வாக்கைக் காப்பதும், பிறர் பொருளை வௌவாமையும் சைவ ஒழுக்கத்தின் அங்கங்கள் அல்லவா? அவை சோதிக்கப்படும் இடம் கோயில் வீதியன்று. கடைசிக் கணக்குத் தீர்க்கும் திண்ணையே.

ஓர் ஓலையின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சுந்தரமூர்த்தி நாயனாரின் மணப்பந்தலில் முதிய அந்தணராய் வந்த இறைவன், நீ எனக்கு வழியடிமை என்று ஓலை காட்டினார். நாயனார் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் தீர்ந்ததா? இல்லை. கிழிந்தது படியோலை; மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் நீட்டப்பட்டது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை எடுத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கி, இரண்டும் ஒன்றே என்று அவையோர் தீர்த்தனர். நாயனாரும் தலைவணங்கினார்.

இதில் உலகியலுக்கான பாடங்களும் உண்டு. பாட்டனார் இட்ட கையெழுத்து பேரனைக் கட்டியது. படியைக் கிழித்தமையால் கடமை அழியவில்லை. மூலத்தைப் பத்திரப்படுத்தியவர் பக்கமே வழக்கு நின்றது. நாயனாரைக் கட்டிய ஓலை ஆண்டவன் ஓலை. அது அவருக்குப் பேறாயிற்று. நம்மைக் கட்டும் ஓலைகளோ மனிதர் எழுதுபவை. ஆதலால் வாசித்தே ஒப்பமிட வேண்டும். வாசியாமல் ஒப்பமிட்டேன் என்பது பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது. கையொப்பமிட்டவன் கட்டுண்டவன் என்பதே இந்நாட்டில் வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தின் கொள்கை.

ஒப்பந்தத்தில் எதை முதலில் வாசிப்பது? நாம் பெரும்பாலும் மொத்தத் தொகையையும் முற்பணத்தையும் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்துவிடுகிறோம். சண்டை பிறப்பது அங்கேயன்று. அச்சாரம் கொடுக்கும்போது இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். கடைசிக் காசு கொடுக்கும் வேளையில் ஒருவருக்குத் தேவை முடிந்திருக்கும். மற்றவருக்குக் கையிருப்பு முடிந்திருக்கும். கொடுத்துவிட்டால் குறைவேலையைச் செய்ய வரமாட்டார் என்று வீட்டுக்காரர் அஞ்சுவார். செய்துவிட்டால் காசு தரமாட்டார் என்று மேசன் அஞ்சுவார். இரண்டு அச்சமும் நியாயமானவையே. அவற்றைத் தீர்ப்பது நல்ல மனம் மாத்திரமன்று, தெளிவான எழுத்து.

வீடு கட்டும் கொந்தராத்தை எடுத்துக்கொள்வோம். "வேலை முடிந்தபின் மிகுதி தரப்படும்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். முடிவு என்றால் எது? கூரை போட்டதா, பூச்சு முடிந்ததா, கதவுக்கு வர்ணம் பூசியதா, குடிபூரல் நடந்ததா? எனவே நான்கு வினாக்களுக்கு விடை தாளில் இருக்கவேண்டும். எந்த வேலை நிறைவேறியதும் கடைசிப் பணம்? நிறைவேறிற்று என்று சொல்பவர் யார்? அவர் சொன்னபின் எத்தனை நாளுக்குள்? அந்நாள் தவறினால் என்ன? இந்த நான்கும் இல்லாத ஒப்பந்தம் கதவில்லாத வீடு.

வடக்கிலும் கிழக்கிலும் 2012ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தை நாம் கண்டோம். புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா உதவி. அது ஒரே முறையில் வழங்கப்படவில்லை. வேலையின் முன்னேற்றத்தைப் பார்வையிட்ட பின்னர் கட்டங் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் அளவுகோல் ஒன்றாயிருந்தது. எனினும் உதவித்தொகைக்கு மேற்பட்ட அளவில் வீட்டைத் தொடங்கிய பலர், மிகுதிச் செலவுக்காகக் கடன்பட நேர்ந்தது. கடைசிக் கட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அத்திவாரம் வெட்டுமுன்னரே கணக்கிடவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பெரிய கட்டடக் கொந்தராத்துகளில் பிடிபணம் என்றொன்று உண்டு. குறைகள் திருத்தப்படும் வரை ஒரு பகுதியை நிறுத்திவைப்பது அது. உதாரணமாக, 20 இலட்சம் ரூபா வேலைக்கு நூற்றுக்கு 5 வீதம் பிடிபணம் என்றால் ஓர் இலட்சம் ரூபா. வேலையைக் கையேற்கும்போது அதிற் பாதி, குறைதிருத்தும் காலமாகிய ஓராண்டு கழிந்தபின் மறுபாதி என்று பொதுவாக ஏற்பாடு இருக்கும். கிராமத்துச் சங்கங்களின் பெயரால் வேலைகளைப் பொறுப்பேற்கும் இளைஞர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். கடைசி ஓர் இலட்சம் எப்போது கைக்கு வரும் என்று அறியாமல் கூலிக் கணக்குப் போட்டால், இலாபமென்று எண்ணியது முழுவதும் பிடிபணத்திலே தங்கிவிடும்.

இனி, சட்டத்தின் ஒரு பக்கத்தை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, செய்த வேலைக்குரிய கூலியையும், கடனாக விற்ற சாமானின் விலையையும் கேட்டு வழக்கிடுவதற்குக் காலம் ஓராண்டே. எழுத்திலுள்ள ஒப்பந்தமாயின் ஆறாண்டு. எழுதி ஒப்பமிட்ட ஒரு தாள் ஓராண்டை ஆறாண்டாக்குகிறது! நம்மூரில் நடப்பதென்ன? "தைப்பொங்கல் கழியட்டும் தம்பி" என்பார் ஒருவர். "பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும்" என்பார். முகத்தாட்சிணியத்தால் மேசனும் தச்சனும் பொறுத்திருப்பர். ஆண்டு ஒன்று உருண்டோடிவிடும். அதன்பின் வழக்குரைஞரிடம் போனால், கடன் உண்மை, காலந்தான் கடந்துவிட்டது என்ற மறுமொழி வரும். தவணை கேட்பவரிடம், இவ்வளவு தரவேண்டியுள்ளது என்று ஒப்பமிட்ட துண்டொன்றை வாங்கிக்கொள்வது பகைமையன்று. உறவைக் காக்கும் வழி.

நாதசுரமும் தவிலும் புகழ் சேர்த்த ஊர் நமது இணுவில். திருவிழாவுக்கு மேளம் பேசும்போது அச்சாரம் வெற்றிலையோடு வருகிறது. மழையால் திருவிழா தடைப்பட்டால் மிகுதிக்கு வழி என்ன? பத்துநாட் சேவகத்தில் எட்டாம் நாள் கலைஞர் நோயுற்றால் கணக்கு எப்படி? இவற்றைப் பேசுவது கலைக்கு இழிவன்று. பேசாது விட்டு, கொடியிறக்கத்தின் பின் வீதியில் நின்று வாதாடுவதே இழிவு.

மற்றொரு பொறி பற்றுச்சீட்டில் இருக்கிறது. பாதிப் பணத்தைக் கையில் வைத்து, "முழுக் கணக்கும் தீர்ந்தது, இனி உரித்து எதுவும் இல்லை" என்ற தாளில் ஒப்பமிடச் சொல்வார்கள். பெற்ற தொகையை மட்டும் எழுதி, மிகுதி இவ்வளவு என்றும் குறித்தே ஒப்பமிடவேண்டும். உத்தியோகத்தை விட்டு நீங்குவோரும் இதை மறக்கலாகாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத வேலையாட்களைக் கொண்ட இடத்தில் மாதச் சம்பளத்துக்கு ஐந்தாண்டு நிறைவாக உழைத்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரியது. அது 30 நாளுக்குள் கொடுக்கப்படவேண்டும்.

கடன்படுவோருக்கும் ஒரு சொல். நம் முன்னோர் இவ்விஷயத்தில் விவேகமுள்ளவர்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து முடித்த தேசவழமையைப் பாருங்கள். ஒற்றி வைத்த காணியை மீட்பதற்கும் அதிற் காலம் வகுக்கப்பட்டுள்ளது. விளைவு எடுக்குமுன் காணியைப் பறிகொடுத்து ஒற்றி பிடித்தவர் நட்டமடையலாகாது என்பது அதன் கருத்து. தொடங்கும்போதே முடிவை எண்ணினார்கள். இன்று குத்தகைக் கடனுக்கு மோட்டார் வாகனம் எடுக்கும் நாமோ, மாதத் தவணையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இடையிலே தீர்த்தால் வட்டி குறையுமா, தண்டம் கூடுமா? கடைசித் தவணை கட்டியபின் வாகனப் பதிவிலுள்ள கடன் கொடுத்தவரின் பெயரை நீக்கும் கடிதம் எத்தனை நாளில் வரும்? காணியை ஈடு வைத்தவராயின், கடன் தீர்ந்ததும் ஈட்டை இரத்துச் செய்து காணிப் பதிவகத்தில் பதிவித்தாரா? காசு கட்டி முடிந்தும் ஏட்டில் கடன் முடியாதிருந்தால், பிள்ளைக்குச் சீதனம் எழுதும் நாளிலே அது தலை தூக்கும்.

காணி விற்பனையும் ஈடும் நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் முடிக்கப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. கம்பனிகளின் அச்சடித்த படிவங்கள் விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்படவேண்டாம். அவசரப்படுத்துகிறவரிடம், நாளை வருகிறேன் என்று சொல்லத் துணிவு வேண்டும். பிணை நிற்குமாறு நண்பன் கேட்டால், கடைசிக் காசை அவன் கட்டாவிட்டால் அதை நாமே கட்ட இயலுமா என்று முதலில் நம்மையே கேட்கவேண்டும்.

வாலிபர்களே! உங்களிடம் கல்வி இருக்கிறது. நம்மூர்ப் பெரியோர்களிடம் அனுபவம் இருக்கிறது. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் உறுதி வாசிக்கப் பழகியவர்களும் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றனர். கையொப்பமிடுமுன் தாளை அவர்களிடம் கொண்டு செல்லுங்கள். பெரியோர்களே! கேட்டு வரும் பிள்ளையைப் பரிகசியாமல், கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். அவ்வாறே நாம் கொடுக்கவேண்டிய இடத்தில், கேளாமுன் கடைசிக் காசைக் கொடுத்துவிடுவோம். கொடுத்த கை தாழாமலும் பெற்ற கை நடுங்காமலும் கணக்குத் தீரும் ஊரே அறம் வாழும் ஊர்.

இணுவைக் கந்தப்பெருமான் திருவருள் எல்லோர்க்கும் துணைநிற்பதாக.